விதைநெல்லும் விஞ்ஞானியின் உத்தியோகமும்

(நெளுக்குளத்தில் நடைபெற்ற கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குளத்தையும் உரத்தையும் நெல்லின் விலையையும் பற்றிப் பேசாது, ஆராய்ச்சியாளரின் நியமனத்தைப் பற்றிப் பேச நாம் ஏன் வந்தோம் என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. அதற்குரிய விடை உங்கள் விதைமூட்டையில் இருக்கிறது.

பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் 1952இல் தோன்றியது. எச்-4 என்னும் இனம் 1958இல் கமக்காரர் கைக்கு வந்தது. இன்று நீங்கள் விதைக்கும் 'பி.ஜி.' இனங்களும் அந்நிலையத்தின் பிள்ளைகளே. ஓர் இனத்தைக் கலந்து, தெரிந்தெடுத்து, பல மாவட்டங்களிற் பரீட்சித்து முடிக்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் செல்லும். பத்தாண்டுப் பணியைப் பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் எங்ஙனம் செய்து முடிப்பார்?

கமக்காரர் ஒருவரின் மகள் ஆலோசனை கேட்டு எம்மிடம் வந்தார். முதுமாணிப் பட்டம் பெற்றவர். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆண்டுக்கோர் ஒப்பந்தமாக மூன்றாண்டுகள் உழைத்தவர். நிரந்தரப் பதவிக்கான நேர்முகப் பரீட்சையில் வேறொருவர் தெரிவானார். தமக்குக் கிடைத்த புள்ளி எவ்வளவு, அது எவ்வாறு இடப்பட்டது என்பதை எவரும் அவருக்குக் கூறவில்லை. "தோற்றதை ஏற்றுக்கொள்வேன் ஐயா, எதில் தோற்றேன் என்றாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

அவர் வந்தது நாற்பதாம் நாள். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை வகுத்த காலம் ஒரு மாதம்! ஆயினும் ஒரு வழி எஞ்சியிருந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பொது நிறுவனமொன்றிடம் விவரம் கோரலாம். பதினான்கு வேலைநாட்களுக்குள் அந்நிறுவனம் தன் தீர்மானத்தை அறிவித்தல் வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இவ்விரு கால எல்லைகளையும் இன்றே சொல்லி வையுங்கள்.

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் 1962இல் நீதிமன்றம் ஏறினார். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்குத் தொடர முடியாதென்று 1967இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. முடியுமென்று 1969இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. மொழி பற்றிய வினாவுக்கோ முடிவான விடை கிடைக்கவேயில்லை. தனியொரு மனிதர் ஏழாண்டுகள் போராடி நிலைநாட்டிய உரிமையை நாம் துருப்பிடிக்க விடலாமா?

இன்னுமொன்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தனர், செவிசாய்ப்பார் இல்லை. நவம்பரில் தடை நீங்கியது; ஆனால் அப்பெரும்போகத்தின் விளைச்சல் வீழ்ந்தது. நிலையான பதவியிலிருந்தவர் வாய்திறந்தும் பயனில்லாத நாட்டில், அடுத்த ஒப்பந்தத்துக்காகக் காத்திருப்பவர் எவ்வாறு உண்மை உரைப்பார்? அவர் மௌனத்தின் விலையைக் கொடுப்பவர் வயலில் நிற்பவர்.

2017இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய விதந்துரை ஆராய்ச்சியாளருக்கு நியாயமான தெரிவையும் தகுந்த ஊதியத்தையும் கருத்துரைக்கும் சுதந்திரத்தையும் வேண்டுகிறது. இலங்கை 1949 முதல் அதன் உறுப்பு நாடு. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. வெற்றிடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே விளம்பரமாகட்டும். புள்ளித்திட்டம் நேர்முகப் பரீட்சைக்கு முன்னரே வெளியாகட்டும். பெற்ற புள்ளி விண்ணப்பதாரருக்கு எழுத்தில் அறிவிக்கப்படட்டும். நீண்டகால ஆய்வுக்கு நீண்டகால நியமனம் கிடைக்கட்டும்.

அயலிலே பம்பைமடுவில் 2021 ஆகஸ்ட் முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்குகிறது. அங்கே பட்டம் பெறும் பிள்ளைகள் இம்மண்ணின் நோயையும் வரட்சியையும் ஆராய்வதா, விமானம் ஏறுவதா என்பதை நியமனக் கடிதமே தீர்மானிக்கும். விதைநெல்லைக் காப்பது போல அவர்களையும் காப்போம். விதைநெல்லை விற்றுத் தின்ற குடி மறுபோகம் காண்பதில்லை.