முற்றுகைக்குள் நிதானம்



சதுரங்க ஆட்டத்தில் தாக்குபவனுக்கே புகழ் மிகுதி. காய்களைப் பலியிட்டு எதிரியின் அரசனை மடக்கியவனை நூல்கள் வியந்து பாராட்டுகின்றன. அத்தாக்குதலைத் தாங்கிநின்று வென்றவனைப் பற்றி அத்துணை பேச்சில்லை. எனினும், இன்று கைத்தொலைபேசியின் சிறு திரையில், முகமறியாத ஒருவரோடு மூன்று நிமிட மின்னல் ஆட்டம் ஆடும் இளைஞர்களுக்குப் பெரிதும் வேண்டப்படுவது இந்தத் தாங்கிநிற்கும் கலையே. மின்னல் ஆட்டத்தில் பலரை வீழ்த்துவது எதிரியின் தாக்குதல் அன்று; தாக்குதல் கண்டு உள்ளத்தில் எழும் கலக்கமே.

தற்காப்பு என்பது யாது? அதற்குச் சிறந்த விடையொன்று 1918ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நியூயோர்க் நகரில் ஆடப்பட்ட ஓர் ஆட்டத்தில் உள்ளது. வெள்ளைக் காய்களை ஆடியவர் கியூபா நாட்டவரான கப்பபிளாங்கா. கறுப்புக் காய்களை ஆடியவர் அமெரிக்கரான பிராங்க் மார்ஷல், தாக்குதலிலே பேர்பெற்றவர். அவர் எட்டாம் நகர்விலேயே ஒரு காலாளைப் பலிகொடுக்க முன்வந்தார். எதிரி முன்னரே ஆராய்ந்து தீட்டிவைத்த ஆயுதம் இது என்பதைக் கப்பபிளாங்கா உணர்ந்திருந்தார். பின்னர் தம் நூலிலும் அதனைக் குறித்துள்ளார். உணர்ந்தும் காலாளை ஏற்றுக்கொண்டார்.

உடனே புயல் எழுந்தது. பதின்மூன்றாம் நகர்வில் மார்ஷலின் குதிரை வெள்ளை அரசனின் வாயிலருகே வந்து நின்றது. அதனை வெட்டுவதற்கு ஒரு காலாள் ஆயத்தமாக இருந்தது. வெட்டியிருந்தால் என்னாகும்? கறுப்பு அரசி பாய்ந்துவர, பிஷப்புகள் துணைசெய்ய, அரசனைச் சூழ்ந்த அரண் சிதைந்திருக்கும். கப்பபிளாங்கா வெட்டவில்லை. தம் அரசியை முன்னே கொணர்ந்தார். அந்த அரசி தன் அரசனையும் காத்தாள். அதே வேளையில் எதிரியின் மூலைக் கோட்டையையும் குறிவைத்தாள். ஒரே நகர்வில் காவலும் எதிர்த்தாக்கும் அமைந்தன.

ஆயின், பலிகளை எல்லாம் மறுப்பதே தற்காப்பு என்று எண்ணிவிடலாகாது. மூன்று நகர்வுகளுக்குப் பின் மார்ஷல் ஒரு பிஷப்பைப் பலியிட்டபோது, கப்பபிளாங்கா அதனை வெட்டினார். அப்போது கணக்கு அவர்பக்கம் இருந்தது. அடுத்துக் குதிரையையும் வெட்டி, அதற்கு ஈடாகத் தம் கோட்டையை இழக்கவும் இசைந்தார். பெற்றதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்து அமைதியை வாங்குவது வாணிகத்தில் மட்டுமன்று, சதுரங்கத்திலும் நல்ல வழியே.

அதன் பின் அவருடைய அரசன் ஆபத்து நிறைந்த மூலையைவிட்டு நடந்தான். கட்டம் கட்டமாக நடுப்பலகையைக் கடந்து, இருபத்துநான்காம் நகர்வில் மறுபுறம் சேர்ந்தான். கறுப்பு அரசியோ அவன் விட்டுப்போன வெற்று மாளிகையிற் புகுந்து நின்றாள். இருபத்தைந்தாம் நகர்வுக்குப் பின் அவள் ஆட்டம் முடியும்வரை அசையவேயில்லை! அந்தப் பொழுதில் வெள்ளைக் காலாட்கள் மறுபக்கத்தில் முன்னேறின. முப்பத்தாறாம் நகர்வில் கப்பபிளாங்கா வென்றார்.

“அவர் நெடுநேரம் எண்ணி ஆடினார், மூன்று நிமிடத்தில் எமக்கு இது கைகூடுமா?” என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். மின்னல் வேகத்தில் எல்லாவற்றையும் கணக்கிட இயலாது. ஆதலால், கணக்கிடும் ஒழுங்கை முன்னரே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எதிரி ஒரு காயை நகர்த்தியதும் மூன்று கேள்விகள் போதும். அடுத்து அவன் என் அரசனுக்குச் ‘செக்’ கூறமுடியுமா? எதனை வெட்டமுடியும்? வேறு எதற்குக் குறிவைத்துள்ளான்? மூன்றுக்கும் விடை அச்சமற்றதாயின், அவன் ஆரவாரத்தைப் பொருட்படுத்தாது நம் வேலையைப் பார்க்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். காய் மிகுதியாக நம்மிடம் இருக்கும்போது அரசிகளை மாற்றிக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் நழுவவிடலாகாது. பெரும்பாலும் அத்துடன் தாக்குதலின் வேகம் அடங்கிவிடும். அடுத்தது, எதிரி நகர்த்துமுன்னரே நம் நகர்வைக் குறித்துவைக்கும் வசதி இணைய ஆட்டங்களில் உண்டு. அரசன் ஆபத்தில் இருக்கும் வேளையில் அதனைக் கையாள்வது கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடப்பதற்கு ஒப்பாகும். அரை விநாடியை மிச்சப்படுத்தி ஆட்டத்தையே இழப்பதில் இலாபம் என்ன?

மார்ஷலின் தாக்குதல் பிழையானது என்று கூறுவதற்கில்லை. அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1965ஆம் ஆண்டில், உலக வீரருடன் மோதும் உரிமைக்காக நடந்த போட்டியில், ஸ்பாஸ்கி அதனை மிகாயில் தால் என்னும் தாக்குதல் மன்னருக்கு எதிராகவே கையாண்டார். வலிய ஆயுதந்தான், எனினும், அதனை அன்று எதிர்கொண்ட கப்பபிளாங்கா, நூலுதவியும் முன்னறிவுமின்றி, பலகையின் முன் அமர்ந்தே விடை கண்டார்.

தாக்குபவன் நம்மைக் கேட்பது அவசரத்தை. அதனைக் கொடுக்க மறுத்து, காயைக் கொடுக்க வேண்டிய இடத்திற் கொடுத்து, காலத்தைச் செலவிட வேண்டிய இடத்திற் செலவிட்டு ஆடுபவனை வீழ்த்துவது எளிதன்று. அடுத்த முறை திரையில் எதிரியின் காய்கள் திரண்டு வரும்போது, நேயர்கள் ஒரு மூச்சு நின்று அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பார்களாக.