சிரிப்பும் ஒரு விளம்பரம்தான்



ஒரு படம், அதன்மேல் இரண்டு வரி. பார்த்ததும் சிரிக்கிறோம், அடுத்தவருக்கு அனுப்புகிறோம். மீம் என்று நம் மாணவர்கள் சொல்வது இதைத்தான். அந்தச் சிரிப்பைக் கொண்டே பணத்தைத் திரட்டும் முறை ஒன்று கிரிப்டோ நாணய உலகில் வளர்ந்திருக்கிறது. கைப்பேசி வைத்திருக்கும் நம் மாணவர்களும் அதன் பார்வையாளர்கள் என்பதால் நாம் அதை அறிந்திருக்க வேண்டும்.

2010-இல் ஜப்பானில் மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் தம் வளர்ப்பு நாயின் படத்தை இணையத்தில் வெளியிட்டார். அதன் ஓரப்பார்வை உலகெங்கும் மீம் ஆனது. 2013 டிசம்பரில் பில்லி மார்க்கஸ், ஜாக்சன் பால்மர் என்ற இருவர், கிரிப்டோ நாணயங்களைக் கேலி செய்வதற்காக அந்த நாயின் முகத்தையே சின்னமாக வைத்து டோஜ்காயினை உருவாக்கினார்கள். கேலிக்குப் பிறந்த அந்த நாணயத்தின் விலை 2021 மே மாதம் 70 சென்ட்டைத் தொட்டது. ஈலான் மஸ்க் அதைப் பற்றி வேடிக்கைப் பதிவுகள் இட்டு வந்தார். மே 8 அன்று அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்தினார். விலை இன்னும் ஏறும் என்று காத்திருந்தார்கள். நிகழ்ச்சி நடக்கும்போதே விலை சரிந்தது.

இந்த விளம்பரம் எப்படி வேலை செய்கிறது? சாதாரண விளம்பரத்தைப் பார்த்தால் 'இது உண்மையா?' என்று கேட்போம். மீமைப் பார்த்து அப்படிக் கேட்டால், நகைச்சுவை புரியாதவர் என்று நம்மையே கேலி செய்வார்கள். நாணயத்தை வாங்கியவருக்கோ விலை ஏற வேண்டும். அதற்குப் புதிதாக ஆட்கள் வர வேண்டும். எனவே வாங்கிய ஒவ்வொருவரும் சம்பளமில்லாத விளம்பரதாரர் ஆகிறார்.

அதே 2021-இல் 'ஸ்க்விட் கேம்' தொடரின் பெயரில், அத்தொடருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாணயம் வந்தது. விலை 2,800 டாலரைத் தாண்டியது. ஆனால் வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் அது ஏறக்குறைய பூஜ்யமானது. அதன் இணையதளம் முழுவதும் எழுத்துப் பிழைகள். நம் மொழியாசிரியர்கள் பார்த்திருந்தால் அங்கேயே சிவப்பு மையால் சுழித்திருப்பார்கள்!

நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் இத்தகைய லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. வரி வாங்குவதால் அரசு உத்தரவாதம் தருகிறது என்று ஆகிவிடாது. இதையும் பெரிய வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

இதற்கெனத் தனிப் பாடவேளை தேவையில்லை. பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை நடத்தும்போது ஒரு கணக்குக் கொடுங்கள். ஒருவர் இருவரைச் சேர்க்கிறார், அந்த இருவரும் ஆளுக்கு இருவரைச் சேர்க்கிறார்கள். இப்படியே போனால் 33-ஆவது சுற்றில் மட்டும் 858 கோடிக்கும் மேற்பட்ட புதியவர்கள் தேவை. உலகின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவு இல்லை. கடைசியில் சேர்ந்தவர் யாரிடம் விற்பார் என்று கேளுங்கள். விடையை மாணவர்களே சொல்வார்கள்.

தொடக்க வகுப்பாசிரியர்களும் விளம்பரப் படம் ஒன்றைக் காட்டி மூன்று கேள்விகள் கேட்கலாம். இதை உருவாக்கியவர் யார்? நான் பகிர்ந்தால் யாருக்கு லாபம்? வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

மீமைப் பார்க்காதே என்று தடுத்தால் பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் பார்ப்பார்கள். சிரித்து முடித்தபின் இந்த மூன்று கேள்விகளையும் கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்தினால், அது அவர்களுடைய பணத்தையும் பெற்றோரின் உழைப்பையும் காக்கும்.