மாப்பிள்ளையின் கடையைப் பார்த்தோம், இரத்தத்தைப் பார்த்தோமா?

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

எய்ட்ஸ் என்றாலே ஒழுக்கம் கெட்டவர்களின் நோய், நமக்கென்ன என்று ஒதுங்கிக் கொள்கிறோம். ஒரு பாவமும் அறியாத பெண்ணுக்கு அது எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

உகாண்டாவின் ராகாய் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. 15 முதல் 19 வயதுப் பெண்களில், 10 வயதோ அதற்கு மேலோ மூத்த ஆணுடன் வாழ்ந்தோரிடம், ஏறக்குறைய சம வயதினருடன் வாழ்ந்தோரைப் போல் இரு மடங்கு ஹெச்.ஐ.வி. காணப்பட்டது.

ஏன்? மூத்தவர் பல ஆண்டுகள் உலகைச் சுற்றியவர். கிருமியோ பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருக்கும். பள்ளிக் கட்டணத்துக்கும் துணிமணிக்கும் அவர் கையை எதிர்பார்க்கும் பெண், "சோதனை செய்தீர்களா?" என்று எப்படிக் கேட்பாள்?

மேற்குக் கென்யாவில் 2004-ல் சில பள்ளிகளில் ஒரே ஒரு வகுப்பு நடத்தி, எந்த வயது ஆண்களிடம் கிருமி அதிகம் என்று மாணவியருக்குச் சொன்னார்கள். அங்கே மாணவியர் கருவுறுவது 28 சதவீதம் குறைந்தது. மூத்த ஆண்களை விட்டு அவர்கள் விலகியதே காரணம். உகாண்டாவின் இஸ்லாமிய மருத்துவ சங்கமோ 1992 முதல் இமாம்களுக்கே பயிற்சி தந்து மக்களிடம் அனுப்பியது. அந்த இமாம்கள் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்கவில்லை. நாம்?

வயது வித்தியாசம் ஹராம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெண்ணின் சம்மதம் இல்லாமல் நிகாஹ் இல்லை. உண்மை தெரியாமல் தரும் சம்மதம் என்ன சம்மதம்? வணிகப் பெருமக்களே! சரக்கின் குறையை மறைத்து விற்பதைத் தடுத்த மார்க்கம், நிகாஹ்வில் நோயை மறைக்க அனுமதிக்குமா?

வரதட்சணை கேட்கவில்லை என்பதற்காகவே இரு மடங்கு வயதுக்காரருக்கு மகளைக் கொடுக்கும் ஏழைத் தகப்பன் நம்மிடம் இல்லையா? இளைஞர்களே, அவளை அங்கே தள்ளியது யார்? நீங்கள் கேட்ட கைக்கூலி!

ஜமாஅத் நிர்வாகிகளே! நிகாஹ்வுக்கு முன் இரு தரப்பும் சோதனை செய்யட்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் அது இலவசம். முடிவு இரகசியமாகவே இருக்கும். நோய் இருப்பவரை ஒதுக்காதீர்கள். தினமும் மாத்திரை சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் கட்டுப்பட்டால், துணைக்கும் உறவின் மூலம் பரவாது. மறைப்பதுதான் கொல்லும்.

கடைக்குச் சரக்கெடுக்க பத்து முறை விசாரிக்கிறோம். மகளின் வாழ்க்கைக்கு ஒரு முறையாவது விசாரிப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக! வஸ்ஸலாம்.