கடாரத்தைக் கரையிலிருந்து எழுதுவது



கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கிறது தஞ்சோங் டாவாய். நெத்திலிக் கருவாடு வாங்கப் போகிறவர்களும், படகேறி எதிர்க்கரையிலுள்ள பந்தாய் மெர்டேக்காவுக்குப் போகிறவர்களும் நன்கறிந்த மீனவர் ஊர். கடாரத்தைப் பற்றிச் சரித்திர நாவல் எழுத ஆசைப்படுகிறவர் முதலில் வந்து நிற்க வேண்டிய இடம் இந்தப் படகுத்துறைதான்.

1025-இல் முதலாம் இராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தை வென்றது. பல கலங்களை அனுப்பியதையும், அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும் அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. ஸ்ரீவிஜயத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடியும் 13 பெயர்களை அடுக்குகிறது. அவ்வளவுதான். துடுப்புப் போட்டவன் யார், அன்றிரவு கரையில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அதில் கிடையாது. வென்றவனின் கல்வெட்டில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. நாவலாசிரியருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, சாண்டில்யனின் ‘கடல் புறா’ ஆகியவற்றைத் தோட்டத்து வீடுகளில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தவர்கள் ஏராளம். அவை கடல் கடந்து வரும் வீரனின் கண்வழியே கடாரத்தைக் காட்டின. வரும் கப்பலைக் கரையிலிருந்து பார்க்கும் நாவலை, தினமும் ஜெராய் மலையைப் பார்த்து வளர்ந்த ஓர் எழுத்தாளரால் எழுத முடியும். கடலோடிகளுக்கு அடையாளம் காட்டிய மலை அல்லவா அது!

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக் காற்றில் வந்த பாய்மரக் கப்பல் திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வேண்டும். இடையே மாதக்கணக்கில் காத்திருப்பு. போரை ஓர் அத்தியாயத்தில் முடித்துவிடலாம். அந்தக் காத்திருப்பில் பிறக்கும் பகையும் நட்பும் அத்தனை எளிதில் முடியாது. புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன், பயணம் நல்லபடி முடிய வேண்டிச் செதுக்கிய 5-ஆம் நூற்றாண்டுக் கல் 1834-இல் செபராங் பிறையில் கிடைத்தது. ஒரு மாலுமியின் அச்சத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சின்னத் தவறுகள்தான் நாவலைக் கவிழ்க்கும். 1025-இல் மிளகாய் அரைக்கக் கூடாது. அது போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகு வந்தது. ரப்பர் மரமோ 1877-இல்தான் மலாயா மண்ணைத் தொட்டது. புக்கிட் பத்து பாஹாட் கோயிலுக்குத் தஞ்சைக் கோபுரம் வைத்துவிடாதீர்கள். 1960-இல் சீரமைக்கப்பட்ட அந்தக் கோயிலில் எஞ்சியிருப்பது கல் அடித்தளம். அதன்மேல் நின்ற மரத்தூண்களும் கூரையும் மழையில் மக்கிப் போயின. கடாரத்துப் படகோட்டி செந்தமிழில் வசனம் பேசினால் வாசகர் சிரித்துவிடுவார். இரு மொழியும் தெரிந்த ஒரு வணிகனை நடுவில் நிறுத்துங்கள், அவனே நல்ல கதாபாத்திரம் ஆகிவிடுவான்.

தள்ளிப்போட வேண்டாம். பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி, அதாவது பழங்கோயில், ஒரு மேம்பாட்டுத் திட்டத்துக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிவந்தபோது அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. மெர்போக் அருங்காட்சியகத்தில் சீனப் பீங்கான் துண்டுகளையும் கண்ணாடி மணிகளையும் பார்த்துவிட்டு, நீர் வற்றும் நேரத்தில் தஞ்சோங் டாவாய்க்குத் திரும்புங்கள். மணல்திட்டு எங்கே, கப்பல் எந்த வழியாக நுழைந்திருக்கும் என்று வலை உலர்த்தும் பெரியவர்களிடம் கேளுங்கள். முதல் அத்தியாயத்தை அவர்கள் கை நீட்டும் திசையிலிருந்து தொடங்கலாம்.