பதிவேட்டில் இல்லாத பெயர்கள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் மனநோயைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். 'பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி ஏதேனும் கூறுக' என்றே செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் கூறவிருப்பதும் படிப்பைப் பற்றியதே. மனநல மருத்துவமனைகளின் பதிவேடுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் தொழில் ஒன்று உண்டு. கணக்கிலே வல்ல நம் பிள்ளைகள் அதனை அறியாதிருக்கின்றனர். அத்தொழிலுக்கு வேண்டிய வித்துகள் இரண்டும் நாம் வாழும் இவ்வூரிலேயே அடுத்தடுத்து விழுந்தவை என்பதையும் அறியார்.

1931-ஆம் ஆண்டு பேராசிரியர் மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் கழகத்தை இங்கே தோற்றுவித்தார். பிரசிடென்சி கல்லூரியின் பௌதிகத் துறையே அதன் தொட்டில். இரண்டாண்டு கழித்து, 1933-இல், கிரீந்திரசேகர் போஸ் என்னும் மருத்துவர் இன்று ஆர். ஜி. கர் என வழங்கும் மருத்துவக் கல்லூரியில் மனநோயாளருக்கென வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். நம் நாட்டுப் பொது மருத்துவமனைகளுள் அதுவே முதலாவது என்பர்.

1941-இல் புள்ளியியல் கழகத்திற்கு வந்து சேர்ந்தவர் சி. ஆர். ராவ். பின்னர் இவர் இங்கிலாந்து சென்று பயின்றார். 1949-இல் பாட்ரிக் சிலேட்டர் என்னும் உளவியலாருடன் இணைந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்து வகை நரம்புத் தளர்ச்சி நோயாளரையும் நோயற்றோரையும் சேர்த்து 256 பேர். ஒருவரை அளந்து பெற்ற எண்களைக் கொண்டு, அவர் எக்குழுவினர்க்கு அணுக்கமானவர் என்று கணிக்க இயலுமா என்பதே வினா. மனிதக் குழுக்களுக்கு இடையேயுள்ள தொலைவை அளக்க மகலனோபிஸ் 1936-இல் வகுத்து வெளியிட்ட வழி இதற்கும் பயன்பட்டது. ராவ் 102 வயது வரை வாழ்ந்து 2023-இல் மறைந்தார். அவரைப் போற்றுவோர் பலர்; இக்கட்டுரையை நினைப்போர் சிலரே.

இனி, எம் உள்ளத்தை உறுத்தும் செய்தி ஒன்று. பல ஆண்டுகட்கு முன் எம் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. கல்லூரியில் பயின்ற மகன் திடீரெனப் பேச்சொழிந்தான், இரவெல்லாம் விழித்திருந்தான். மூன்று முறை மருத்துவரிடம் காட்டினர். நான்காம் முறை செல்லவில்லை. ஹவுராவில் வண்டியேறி, குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்குவதற்கு அழைத்துச் சென்றனர். 'பாட்டிக்கு உடல்நலமில்லை, துணைக்குப் போயிருக்கிறான்' என்று எம்மிடம் கூறினர். யாமும் நம்பினோம். உண்மையை அறிந்தபோது அவனுடைய கல்வி முற்றும் நின்று போயிருந்தது. பெற்றோரைக் குறை கூறோம். தங்கை திருமணத்திற்கு நின்ற வீடு அது. ஆயினும் மருத்துவமனை ஏட்டில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்ற ஒரு சொல்லே எஞ்சியிருக்கும்.

அந்தச் சொல்லுக்குப் பொருள் யாது? நலம் பெற்றானா? நோய் முற்றினானா? இறந்தானா? ஏடு விடை கூறாது. ஒரு பேச்சுக்கு, நூறு பேர் வந்து நாற்பது பேர் நின்றுவிட்டால், அந்நாற்பதின்மரையும் தள்ளிவிட்டு எஞ்சியோரில் இத்தனை பேர் குணமாயினர் என்று அறிக்கை எழுதுவது எளிது, பிழையும் ஆகும். பயின்றவன் அவ்வாறு தள்ளமாட்டான். மூன்றாம் வருகை வரையில் அப்பையன் எவ்வாறு இருந்தான் என்பது தெரிந்ததன்றோ? அந்த அளவைக் கணக்கில் சேர்த்து, அதற்கு அப்பாற்பட்டதைத் தெரியாதது என்றே குறித்துக் கணிக்கும் முறைகள் உண்டு. அம்முறைகளும் ஓர் ஊகத்தின்மேல் நிற்பவை: நின்றவர்களும் தொடர்ந்து வந்தவர்களை ஒத்தவர்களே என்பது அது. நோய் முற்றியமையாலேயே நின்றனர் எனில் ஊகம் சாயும். அப்போது நாற்காலியை விட்டு எழுந்து, நின்றவர்களைத் தேடிச் செல்ல வேண்டும்.

சென்னையில் அவ்வாறே செய்தனர். மனப்பிளவு நோய் முதன்முறை கண்ட 90 பேரை 1980-களின் தொடக்கம் முதல் ஆண்டுக்கணக்கில் விடாது தொடர்ந்தனர். பத்தாண்டின் முடிவில் 76 பேரின் நிலையை அறிந்தனர். டாக்டர் தாரா முதலியோர் நடத்திய இவ்வாய்வை உலகம் மதிக்கின்றது.

புலம்பெயர்ந்த நமக்கென்றே ஒரு செய்தியும் உண்டு. 1932-இல் ஓடகார்டு என்னும் நார்வே மருத்துவர், அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய தம் நாட்டவர் மனநோய் மருத்துவமனைகளில் மிகுதியாகச் சேர்வதைக் கண்டார். பின்னர் நியூயார்க்கில் மால்ஸ்பர்க் என்பார், குடியேறியோரின் வயதுப் பகுப்பு வேறு, உள்ளூராரின் வயதுப் பகுப்பு வேறு என்பதைச் சரிசெய்து நோக்கினார். வேறுபாடு பெரிதும் குறைந்தது. ஒரு சமூகத்தின்மேல் விழவிருந்த பழியைக் கணக்கு இறக்கி வைத்தது!

நம் நிலையோ தலைகீழ். நாம் ஏட்டிலேயே இல்லை. 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல அளவாய்வு, தமிழ்நாடும் மேற்கு வங்கமும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று வினவியது. நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை மருத்துவம் பெறாதிருந்தனர். மருத்துவமனை ஏட்டை மட்டும் நம்பியிருந்தால் இவர்கள் புலப்பட்டிருப்பார்களா?

இப்பணிக்குச் செல்ல விரும்பும் பிள்ளைகள் புள்ளியியலில் பட்டம் பெறுதல் முதற்படி. பராநகரிலுள்ள கழகத்தில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். வினாக்கள் கடினமானவை, மனப்பாடம் உதவாது. பின்னர் நிம்ஹான்ஸிலோ வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலோ உயிர்ப்புள்ளியியல் பயிலலாம். பொறியியற் கல்விக்குக் காட்டும் ஆர்வத்தில் கால்பங்கு போதும். கணிப்பொறியைக் கையாளும் திறனோடு, புறநோயாளர் பிரிவின் பெஞ்சியில் சில திங்கள் அமர்ந்து ஏடு எவ்வாறு எழுதப்படுகின்றது என்று காணும் பொறுமையும் வேண்டும். நம் பிள்ளைகள் தமிழும் வங்கமும் ஒருங்கே பேசுபவர்கள். நின்றுபோனவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு அது சிறு உதவியன்று.

கழக வளாகத்தில் மகலனோபிஸ் வாழ்ந்த 'ஆம்ரபாலி' இல்லம் இன்று காட்சிச்சாலையாக உள்ளது. காண விரும்பும் பிள்ளைகள் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுத்தால், தேர்வு விடுமுறையில் யாமே அழைத்துச் செல்கின்றோம். பெற்றோரும் உடன் வரலாம்.