யாழ்ப்பாணத் தொடர்வண்டி நிலையம்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் கோயிலைப் பார்ப்பர், கோட்டையைப் பார்ப்பர், ஏட்டுச் சுவடிகளைப் புரட்டுவர். தொடர்வண்டி நிலையத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும், ஓர் இனம் எப்போது நிமிர்ந்து நடந்தது, எப்போது துரத்தப்பட்டது, எப்போது மீண்டு வந்தது என்பவற்றையெல்லாம் காட்டும் கண்ணாடி அந்நிலையமே. அவ்வகையில் ஈழத்தமிழரின் நூறாண்டு வரலாற்றைத் தன்மேல் சுமந்து நிற்பது யாழ்ப்பாணத் தொடர்வண்டி நிலையம்.

முதலில் பெயரைப் பார்ப்போர்க்கு ஒரு செய்தி உண்டு. ஈழத்தில் அரசு ஏடுகளிலும் மக்கள் வழக்கிலும் ‘புகையிரத நிலையம்’ என்பதே பெருவழக்கு. இரதம் வடசொல்; அது போகட்டும். 1950களில் எண்ணெய்ப் பொறிகள் ஓடத் தொடங்கிய பின் நீராவிப் பொறியின் கரும்புகையும் படிப்படியாகப் போயிற்று. புகையும் இல்லை, இரதமும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது! பெட்டியொடு பெட்டி தொடர்ந்து ஓடுவது தொடர்வண்டி. அது நிற்குமிடம் நிலையம். ‘நில்’ என்னும் வேரில் பிறந்த சொல் அது. வீட்டு வாயிலுக்கும் ‘நிலை’ என்றே தமிழர் பெயரிட்டனர். யாழ்ப்பாண நிலையமோ இரு பொருளுக்கும் உரியது. வண்டி நின்ற இடமும் அது. குடாநாட்டின் வாயிலும் அது.

அவ்வாயில் திறந்த வரலாறு வியப்பானது. கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வந்த இருப்புவழி யாழ்ப்பாணத்தை வந்தடையுமுன்னரே, யாழ்ப்பாணத்தில் வண்டி ஓடிவிட்டது. 1902 மார்ச்சு 11-ஆம் நாள், காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரையிலான 21 கல் தொலைவு திறக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 14-இல் அது பளை வரை நீண்டது. தெற்கே குருநாகலிலிருந்து அனுராதபுரம் வரையிலான பகுதி 1904 நவம்பர் 1-இல் முடிந்தது. இடையில் கிடந்த வன்னிக் காட்டை ஊடறுத்து, அனுராதபுரத்தையும் பளையையும் இணைத்த பகுதி 1905 ஆகத்து 1-இல் திறக்கப்பட்டது. அன்றுதான் கொழும்பு வண்டி முதன்முறையாக யாழ்ப்பாணம் வந்தது. மூன்றாண்டுக்கு மேல், தென்னிலங்கை வழியோடு எவ்வகைத் தொடர்புமின்றி, கடலுக்கும் பனங்காட்டுக்கும் இடையே வடபுல வண்டி தனித்தே ஓடியிருந்தது!

ஏறத்தாழ 250 கல் நீண்ட அவ்வழியில் வடபகுதி நிலையங்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை என்பன யாழ்ப்பாணத்துக்கு வடக்கே. நாவற்குழி, தச்சன்தோப்பு, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள், பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா என்பன தெற்கே. ‘வில்’ என்பது சிறு நீர்நிலை. குளமும் வில்லும் குழியும் தோப்பும் துறையுமாக, நீரைப் போற்றிய ஒரு மக்களின் நெஞ்சம் அப்பெயர்களில் தெரிகிறது. யானைகளை நீரேரி கடத்திக் குடாநாட்டுக்குக் கொணர்ந்த இடம் ஆனையிறவு ஆயிற்று. பயணச்சீட்டில் அச்சிட்ட ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு நிலத்தின் உரிமைமுறி அன்றோ?

அந்நிலையம் ஆற்றிய தொண்டுகள் பல. கொழும்பில் அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் பணியாற்றிய பல்லாயிரம் தமிழர், விடுமுறைதோறும் ஊர் திரும்பியது அவ்வழியே. இரவு அஞ்சல் வண்டி மடல்களைச் சுமந்தது. மடல்களொடு பணவிடைகளையும் சுமந்தது. கொழும்புக்கும் பேராதனைக்கும் உயர்கல்வி நாடிச் சென்ற மாணாக்கரைச் சுமந்தது. 1950-இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சிமெந்து ஆலையின் மூட்டைகள் தெற்கே சென்றதும் அவ்விருப்புவழியிலேயே. 1970 முதல் 1977 வரை அயல்நாட்டு வேளாண் பொருள்களின் வரவு தடுக்கப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாண உழவர் விளைத்த வெங்காயமும் மிளகாயும் தென்னிலங்கைச் சந்தைகளை நிறைத்தன. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் கூடையொன்று இல்லாமல் கோடையில் கொழும்புக்கு வண்டியேறியவர் அரியர்.

தாய்த்தமிழகத்தையும் ஈழத்தையும் இணைத்த வழியும் ஒன்று இருந்தது. 1914-இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் இருப்புவழியும் திறக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் வண்டியேறியவர் மதவாச்சியில் மாறி, தலைமன்னார் சென்று, கப்பலில் தனுக்கோடி சேர்ந்து, அங்கிருந்து தொடர்வண்டியில் சென்னை எழும்பூரை அடையலாம். 1964 திசம்பர்ப் புயல் தனுக்கோடியை விழுங்கிற்று. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. இடைக்கடல் குறுகியதே, வழி அடைந்ததால் அது நெடுங்கடல் ஆயிற்று.

1956 ஏப்பிரல் 23-ஆம் நாள் ‘யாழ்தேவி’ என்னும் விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. யாழ் என்பது தமிழ். தேவி என்பது வடசொல். ‘யாழரசி’ என்றிருப்பின் இன்னும் இனித்திருக்கும். ஆயினும், தம் ஊர்ப்பெயர் தாங்கிய அவ்வண்டியை மக்கள் தம் வீட்டு மகளாகவே கொண்டாடினர். ஆனால் அந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள்! பண்டாரநாயக்கா தலைமை அமைச்சராகப் பொறுப்பேற்றுப் பதினொரு நாள்களே ஆகியிருந்தன. அவ்வாண்டு சூலையில், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. தமிழ்ப்பெயர் தாங்கிய வண்டி கொழும்புக் கோட்டை நிலையத்துக்குள் நுழைந்த அதே ஆண்டில், தமிழ்மொழி கொழும்பு அரசு அலுவலகங்களிலிருந்து வெளியேற்றப்பட்டது. வேலை தேடித் தெற்கே சென்ற தந்தையர் பலரின் மக்கள், வேலை கிட்டாமல் வடக்கே திரும்பினர். இருவரையும் சுமந்தது ஒரே வண்டிதான்.

மொழிக்கு வந்த கேடு உயிருக்கும் வந்தது. 1977 ஆகத்தில், அனுராதபுர நிலையத்தில் யாழ்ப்பாண வண்டிப் பயணியர் தாக்கப்பட்டனர். 1983 கலவரத்துக்குப் பின் போர் மூண்டது. 1985 சனவரியில், படையினர் சென்ற யாழ்தேவி வெடியில் சிதறியது. படையினரொடு பொதுமக்களும் மாண்டனர். மக்களை இணைக்கப் பிறந்த ஊர்தி போர்க்களமாயிற்று. 1990 சூன் 13-ஆம் நாளோடு யாழ்ப்பாணத்துக்கு வண்டி வருவது நின்றது.

நின்றது வண்டி மட்டுமன்று. வவுனியாவுக்கு அப்பால் இருப்புவழியே மறைந்தது. தண்டவாளங்களும் குறுக்குக் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. நிலையக் கட்டடம் சிதைந்தது. வண்டி நின்ற இடத்தில் செடி முளைத்தது. அவ்வாண்டு அக்டோபரில், தமிழே தாய்மொழியாகக் கொண்ட யாழ்ப்பாண முசுலிம் மக்கள் சில மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அறம் பேசுவோர் அதையும் மறைக்கலாகாது. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே பெயர்ந்தது. பல இலக்கம் மக்கள் மழையிலும் இருளிலும், முதியோரைத் தாங்கியும் பிள்ளைகளை இடுப்பில் சுமந்தும், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். முன்னாளில் வண்டி சில நிமையங்களில் கடந்த தொலைவு அது. அந்த இரவில் அதைக் கடக்க மணிக்கணக்காயிற்று.

போர் 2009-இல் முடிந்தது. இந்திய அரசின் கடனுதவியோடு, இந்திய அரசு நிறுவனமான இர்க்கான் வழியைப் புதிதாக அமைத்தது. 2013 செப்டம்பர் 14-இல் வண்டி கிளிநொச்சி வந்தது. 2014 மார்ச்சு 4-இல் பளை வந்தது. 2014 அக்டோபர் 13-இல் யாழ்ப்பாணம் வந்தது. 2015 சனவரி 2-இல் காங்கேசன்துறை வரை வழி நிறைவுற்றது. எண்ணிப் பார்த்தால், 1990 சூன் 13 முதல் 2014 அக்டோபர் 13 வரை சரியாக இருபத்து நான்கு ஆண்டும் நான்கு திங்களும் அந்நிலையம் வண்டியின்றி இருந்தது. தொடர்வண்டியைப் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை, அன்று நிலையத்தில் நின்று அதை நேரில் கண்டது. பேரன் வண்டியைப் பார்த்தான். பாட்டன் தன் இளமையைப் பார்த்தான்.

பெருமக்களே! இரும்பு மீண்டது, உண்மை. கட்டடம் எழுந்தது, உண்மை. ஆனால் ஒன்றை மறவாதீர். இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981 கணக்கெடுப்பில் 7 இலக்கத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2012 கணக்கெடுப்பில் 6 இலக்கத்துக்கும் குறைவானோரே இருந்தனர். முப்பதாண்டில் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை சுருங்கியது! மாண்டவர் போக, எஞ்சியோரில் பலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் ஆத்திரேலியாவிலும் சிதறிக் கிடக்கின்றனர். தண்டவாளத்தை ஈராண்டில் இட்டுவிடலாம். பெயர்ந்து போன மக்களை எந்தப் பொறியும் ஈராண்டில் இழுத்து வராது.

ஆகவே, அந்நிலையம் சொல்லும் பாடம் தெளிவானது. நிலையத்தைக் காப்பது கல்லும் காரையும் அல்ல. அதைப் பயன்கொள்ளும் மக்களும் அவர்தம் மொழியுமே. 1987-இல் வந்த பதின்மூன்றாம் சட்டத்திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. ஏட்டில் எழுதிய மொழி சீட்டுச் சாளரத்தில் பேசப்படும்போதுதான் உயிர் பெறும். ‘தமிழில் சொல்லுங்கள்’ என்று கேட்கும் பயணியே அச்சட்டத்தின் காவலர். ஊர்ப்பெயர்ப் பலகையில் ஓர் எழுத்துப் பிழை கண்டால், அதைத் திருத்தும்வரை எழுதிக் கேட்பவரே அந்நிலத்தின் காவலர்.

புலம்பெயர்ந்து வாழும் தமிழர் தம் மக்களுக்குச் செல்வம் சேர்க்கலாம்; பட்டம் சேர்க்கலாம். அவற்றோடு, ஒருமுறையேனும் அவர்களைக் கொழும்புக் கோட்டையில் வண்டியேற்றி வடக்கே அழைத்துச் செல்வாராக. ஓமந்தை முதல் காங்கேசன்துறை வரை, ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் செய்வாராக. கொக்குவில்லைப் படித்த பிள்ளை, ‘வில் என்றால் என்ன?’ என்று கேட்கும். அந்தக் கேள்வி பிறந்த இடத்தில் ஓர் இனத்தின் வழி மீண்டும் தொடங்கும்.

வழி அழிந்தும் நிலையம் நின்றது. வண்டி வந்தது. வர வேண்டியவர் இன்னும் வந்து முடியவில்லை.

வாழ்க தமிழ்!