கேட்காமல் வந்த யுத்தம்

(ராசிங்காபுரத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உலக யுத்தம் என்றால் எங்கோ பிறர் நாட்டில் நடந்த சங்கதி என்று நாம் எண்ணுகிறோம். இரண்டாவது உலக யுத்தத்தில் போடி மலைச்சாரலில் குண்டு எதுவும் விழவில்லை. ஆயினும் நம் ரயிலையும், நம் அடுப்பையும், நம் மலையையும் அந்த யுத்தம் தொடாமல் விடவில்லை. அது எவ்வாறு என்பதைச் சிறிது சிந்திப்போம்.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ பிரபு அறிவித்தார். மக்களின் பிரதிநிதிகளை அவர் கலந்தாலோசிக்கவில்லை. அடிமை நாட்டுக்கு அபிப்பிராயம் ஏது?

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் ரயில் வந்தது. மலைச் சரக்குகள் அதில் ஏறி வெளியூர் சென்றன. யுத்த காலத்தில் அந்தத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுப் போர்த் தேவைக்குக் கொண்டு செல்லப்பட்டன. சுதந்திரத்திற்குப் பின், 1950-களில்தான் நாம் மீண்டும் ரயிலைக் கண்டோம்.

அரிசியின் கதை இதனினும் கொடியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இந்தியாவுக்கு வந்த பர்மா அரிசி நின்றது. அங்கே பிழைக்கச் சென்ற நம்மவர் பெருந்திரளாகக் கால்நடையாகத் திரும்பினர். காட்டு வழியில் மடிந்தோர் பலர். 1943-இல் வங்கப் பஞ்சம் மூண்டு, ஏறக்குறைய 30 லட்சம் உயிர்களைக் கொண்டது. சென்னை ராஜதானியில் ரேஷன் வந்தது. யுத்தம் 1945-இல் ஓய்ந்தும், 1952-இல்தான் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார்.

விலைவாசி ஏன் ஏறியது? பிரிட்டிஷார் இங்கே யுத்தச் சரக்குகளை வாங்கினர். அதற்குரிய பவுனை லண்டனில் நம் கணக்கில் எழுதி வைத்தனர். இங்கே அதற்கு ஈடாக ரூபாய் நோட்டு அச்சிடப்பட்டது. சரக்கு குறைந்தது, நோட்டுப் பெருகியது, விலை இரு மடங்கைத் தாண்டியது. விற்க நெல் வைத்திருந்தவர் சிலர் லாபம் கண்டனர். அன்றாடக் கூலியை நம்பியவர் அரை வயிறு உண்டனர்.

நமக்கு மேலே நிற்கும் ஏல மலை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பர்மா அரிசியையே பெரிதும் நம்பியிருந்த அந்தச் சமஸ்தானம், உணவுப் பயிர் செய்யக் காட்டு நிலங்களைக் குத்தகைக்கு விட்டது. ரங்கூன் வீழ்ந்ததால் இங்கே மரம் வீழ்ந்தது!

நண்பர்களே, யுத்தம் எந்த நாட்டுக்கும் கேடுதான். ஆனால் சுதந்திர நாடு தன் கஷ்டத்திற்குத் தானே கணக்குக் கேட்கலாம். அடிமை நாடு கேட்க முடியாது. 2010-ஆம் ஆண்டின் முடிவில் அகலப் பாதைக்காகப் போடி ரயில் நின்றது. 2023 ஜூனில்தான் திரும்பியது. தாமதம் நீண்டதே. எனினும் இம்முறை மனுக் கொடுக்கவும், சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் கேட்கவும் நமக்கு வழி இருந்தது.

இன்றும் தூரத்து யுத்தம் நம்மைத் தொடாமலில்லை. 2022-இல் உக்ரைனில் மூண்ட போரால் உலகச் சந்தையில் உர விலை உயர்ந்ததை நாம் அறிவோம். ஆகவே தொழுவுரத்தைப் பேணுவோம். பணப்பயிருடன் சோளம், கம்பு, பயறு வகைகளுக்கும் இடம் ஒதுக்குவோம். விதையை வீட்டிலே காப்போம். எல்லாவற்றிற்கும் மேலாக, கிராம சபை கூடும் நாளில் தவறாது வந்து அமர்வோம். நம்மைக் கேட்டு நடத்த வேண்டும் என்ற உரிமை எளிதில் கிடைத்ததன்று. அதைப் பயன்படுத்தாமல் விடுவது நமக்குத் தகாது.